சீனித்தம்பியின் சாரன்கள்

பனிச்சங்கேணி மாதர் சங்கத்துக்கு உந்துதல் ஒரு வெள்ளை வான் வண்டியில் வந்து சேர்ந்தது. ஒன்பது மணிக்கு வரும் என்றிருந்தார்கள், பத்தேகாலுக்கு வந்தது. அதுவரை நாங்கள் பதினெட்டுப் பெண்கள் பாலர் பாடசாலை மண்டபத்தில், மூன்று வயதுப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் கதிரைகளில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்து காத்திருந்தோம்.

அதைக் கொண்டுவந்தவள் பெயர் கஜானி. நாவற்குடாப் பிள்ளை. கொழும்பில் படித்துவிட்டு, கைப்பணிச் சாமான்களை ஹோட்டல்களுக்கு விற்கும் ஒரு கம்பனியில் அங்கேயே வேலை பார்க்கிறாள். நாங்கள் தைப்பது நன்றாகத்தான் இருக்கிறதாம், ஆனால் அதில் உந்துதல் இல்லையாம். இப்போதெல்லாம் யாரும் துணியை வாங்குவதில்லையாம், துணிக்குப் பின்னால் இருக்கும் உந்துதலைத்தான் வாங்குகிறார்களாம். அப்படியென்றால் துணியைச் சும்மா கொடுக்கிறீர்களா என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை. நான் சங்கத்தின் செயலாளர், அந்தப் பாலர் பாடசாலையின் ரீச்சர் வேறு. மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. உங்கட சூழல் உங்களோட என்ன கதைக்குது எண்டு கேளுங்க" என்றாள் கஜானி.

மூடினோம். என் சூழல் மீன் செதில் வாடையில் கதைத்தது, பின்வளவில் யாரோ மீன் வெட்டியிருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து, கேட்டதைப் படமாக வரையச் சொன்னாள். பதினேழு பேரும் பாடும் மீன் வரைந்தோம். மட்டக்களப்பில் எதைச் செய்தாலும் அதில் ஒரு பாடும் மீன் இருந்தாக வேண்டும். கலண்டர், கேடயம், கல்யாண மண்டபத்து வாசல், எல்லாவற்றிலும் அது இருக்கிறது. வாவிக்கடியில் பாடுவதாகச் சொல்லும் அந்த மீனை நேரில் கண்டவர் ஒருவரும் இல்லை என்பதால் வரைவதும் சுகம். என்னுடைய மீனுக்குப் புருவம் இருந்தது.

பதினெட்டாவது ஆள் வரையவில்லை. சுவரில் தலையைச் சாய்த்து நல்ல நித்திரை. அது இரத்தினம்மா. இந்தக் கதை அவளுடையது. கஜானி அந்த நித்திரையை ஆழ்ந்த தியானம் என்று நினைத்துப் போட்டோ எடுத்தாள்.

இரத்தினம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு தடவை குவைத்துக்குப் போய் வீட்டுவேலை செய்தவள். முதல் தடவை நான்கு வருடம், இரண்டாம் தடவை மூன்று. கொண்டுவந்ததெல்லாம் வீட்டுச் சுவராகவும் மகளின் கல்யாணமாகவும் போய்விட்டது, மிஞ்சியது ஒரு தையல் மெசினும் இந்த நித்திரையும். குவைத்தில் ஏழு வருடம் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லையாம். அதனால் இப்போது பஸ்ஸில், கூட்டத்தில், கோயில் அன்னதான வரிசையில், உட்கார இடம் கிடைத்தால் கண் தானாக மூடிவிடும். மெசினுக்கு முன்னால் மட்டும் மூடாது.

மறுநாள் கஜானி எங்களை உந்துதல் தேடி வாவிக்குள் கூட்டிப்போனாள். வாவிக் கரையிலேயே பிறந்து, வாவி மீனையே தின்று, வாவி பெருகி உடைத்தால் ஓடி ஒதுங்கியும் பழகிய எங்களுக்கு வாவியைக் காட்டுவதற்குக் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. மூன்று தோணிகள். எங்கள் தோணிக்காரர் சீனித்தம்பி, இரத்தினம்மாவின் கணவர்.

சீனித்தம்பி உயிரோடு இருக்கும் மனிதர். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும். அவர் உயிரோடு இருப்பது பாலத்தடியில் நின்றாலே கேட்கும். இறால் விலையிலிருந்து உலக நடப்புவரை அவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும், அதைத் தூரத்துத் தோணிக்காரனுக்குச் சொல்லும் குரலிலேயே பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்வார்.

"தண்ணிக்கு மேல அந்த நிறத்தைப் பாருங்க. ஊதாவும் பச்சையும் கலந்து எவ்வளவு வடிவு" என்றாள் கஜானி.

"அது எண்ணெய் பிள்ள. ஆரோ இஞ்சின் கழுவியிருக்கானுகள்" என்றார் சீனித்தம்பி.

கண்டல் மரங்களைப் பார்க்கச் சொன்னாள். எங்கள் பெண்கள் அந்தப் பக்கம் போன இன்னொரு தோணியை நிறுத்தி இறாலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கஜானி விடவில்லை. இரத்தினம்மா மட்டும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "அக்கா, நீங்க என்னத்தைப் பாக்கிறீங்க?" என்று ஆசையாகக் கேட்டாள்.

கம்பு ஊன்றித் தோணி தள்ளிக்கொண்டிருந்த கணவன் இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த சாரனின் பின்பக்கத்தைத்தான் இரத்தினம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர்ர சாரன் பின்னால போயிற்று. இனி அது எனக்குத்தான்" என்றாள்.

தோணி கவிழும்படி சிரித்தோம். கஜானி கொப்பியில் அதை மட்டும் எழுதவில்லை.

ஆனால் உண்மையில் எழுத வேண்டியது அதைத்தான். அன்று பின்னேரம் தேத்தண்ணிக்கு என்று இரத்தினம்மா வீட்டுக்குப் போனபோதுதான் கஜானி அந்தக் கட்டில் விரிப்பைக் கண்டாள். கண்டதும் தேத்தண்ணியை மறந்துவிட்டாள்.

தோணிக்காரனின் சாரன் முதலில் கிழிவது உட்காரும் இடத்தில். நாள் முழுக்கப் பலகையில் உராய்ந்து அந்த இடம் வலைபோல் ஆகிவிடும், இரண்டு பக்கமும் புதிதாகவே கிடக்கும். மற்றப் பெண்கள் அதை அடுப்பில் சட்டி இறக்கும் கைப்பிடித் துணியாக்குவார்கள். இரத்தினம்மா போன இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய பக்கங்களை நீட்டு நீட்டாகக் கிழித்து, நடுவில் கோதுமை மாச் சாக்கின் வெள்ளைத் துணியை வைத்து, அதைச் சுற்றி அடுக்கிக்கொண்டு போவாள். கத்தரிப்பூ நிறக் கட்டம், இலைப் பச்சைக் கோடு, மங்கிய சிவப்பு. இடப்பக்கத் துண்டுகள் எப்போதும் ஒடுக்கம், வலப்பக்கத் துண்டுகள் அகலம். அதனால் விரிப்பு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பதுபோல இருக்கும்.

"ஏன் அக்கா இப்பிடிச் சாய்ச்சிருக்கிறீங்க?"

"நான் சாய்க்கல்ல. அவர் இடப்பக்கமாச் சாஞ்சு இரிக்கிற ஆள். அந்தப் பக்கம் கூடத் தேயும்."

கஜானி அந்தச் சாய்வுக்கு ஓர் ஆங்கிலப் பெயர் சொன்னாள். சீனித்தம்பி உட்காரும் விதத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் இருப்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

இது எங்கே தொடங்கியது என்று இரத்தினம்மா எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். குவைத்தில் அவளைப் படுக்கவிட்டது சாமான் அறையில். ஏசி குளிர் எலும்புக்குள் போகும், போர்வை கேட்டால் நாளைக்கு என்பார்களாம். ஊரிலிருந்து கொண்டுபோன பெட்டியைச் சுற்றி வந்தது சீனித்தம்பியின் பழைய சாரன் ஒன்று. அதைப் போர்த்திக்கொண்டாள். அது கிழியக் கிழிய, வீட்டுக்காரி எறிந்த திரைச்சீலைத் துண்டுகளை வைத்துப் பொருத்திப் பொருத்தி ஏழு வருடம் போர்த்தினாள். "கடைசியில சாரனை விட ஒட்டுத்தான் கூட ரீச்சர். ஆனா மணம் அவர்ர மணம்தான்" என்று சொன்னபோது அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கஜானி முதலில் பன்னிரண்டு விரிப்புக் கேட்டாள், பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்கு. பிடித்துப்போனால் அறுபது அறைக்கும் மாதா மாதம். அந்தக் கிழமைதான் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர், குவைத்துக்கு மூன்றாம் தடவையும் போகிறாயா என்று கேட்டு இரத்தினம்மா வீட்டுக்கு வந்துபோயிருந்தார். இரண்டாவது மகளுக்கு இன்னும் வீடு இல்லை, எங்கள் பக்கம் வீடு இல்லாமல் பெண்ணுக்குக் கல்யாணம் இல்லை.

"இந்த ஓடர் நிலைச்சா நான் போகமாட்டன் ரீச்சர். நிலைக்கல்ல எண்டா போறன்" என்றாள் இரத்தினம்மா. அன்றிலிருந்து மெசின் நிற்கவில்லை.

பன்னிரண்டு விரிப்புக்கு ஒரு சீனித்தம்பி போதாது. ஊர் ஆண்களின் பழைய சாரன்களையெல்லாம் சேர்த்தாள். பெண்டாட்டிமார் நல்ல சாரனையும் பழையது என்று பறித்துக்கொண்டு வந்தார்கள். ஆச்சிப்பிள்ளை கொண்டுவந்த ஒன்றை மட்டும் இரத்தினம்மா தொடவில்லை. ஆச்சிப்பிள்ளையின் புருசன் செத்து அப்போது இருபது நாள்.

"மடிப்புக் குலையாத சாரன் கா. அவர் ஒருநாளும் உடுக்கல்ல" என்று ஆச்சிப்பிள்ளை சத்தியம் பண்ணினாள்.

"கோவிக்காதீங்க மச்சாள். ஆக்கள் படுக்கிற சாமான் இது" என்று இரத்தினம்மா திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

செத்தவரின் உடுப்பை நாங்கள் வைத்திருப்பதில்லை. முப்பத்தோராம் நாள் சடங்கு முடியுமுன் கொடுத்தோ எரித்தோ கணக்கை முடித்துவிடுவோம். அதை விரித்துப் படுப்பது என்பது எங்கள் ஊரில் பைத்தியக்காரனும் செய்யாத வேலை. ஆச்சிப்பிள்ளைக்கும் அது தெரியும், ஏதோ மனம் கேட்காமல் கொண்டுவந்துவிட்டாள்.

இனி என் திருப்பணிக்கு வருகிறேன்.

கம்பனி ஒரு படிவம் அனுப்பியது. இந்த ஊரில் இருபது வருடமாகப் படிவம் நிரப்புகிறவள் நான். சண்டைப் படிவம், சுனாமிப் படிவம், வெள்ளப் படிவம், கொரோனாப் படிவம் என்று என் கையெழுத்துப் போகாத அரச கந்தோர் இந்த மாவட்டத்தில் இல்லை. அதில் நான் கற்றது ஒன்றுதான். எதைக் கேட்டாலும் முதலில் இழந்ததை எழுத வேண்டும். சந்தோசமாக இருக்கிறேன் என்று எழுதியவனுக்குக் கூரைக்குப் போட ஒரு தறப்பாள்கூடக் கிடைத்ததில்லை. பழக்கம் எவ்வளவு ஊறிவிட்டதென்றால், பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிக்கு மைதானம் கேட்டு எழுதினாலும் என் கை "சுனாமியால் பாதிக்கப்பட்ட" என்றுதான் தொடங்கும்.

படிவத்தில் ஒரு பெரிய கட்டம். "உங்கள் படைப்புக்கு உந்துதல் எது?"

"மனிசன்ட சாரன் எண்டு எழுதுங்க" என்றாள் இரத்தினம்மா.

"விசரா உனக்கு? கொழும்புக்கு அனுப்புற படிவத்தில ஒரு மனிசன் இரிக்கிற இடத்தைப் பத்தி எழுதுறதா?" என்று சொல்லிவிட்டு நான் எழுதினேன். 2004 சுனாமியில் வாகரைக் கரையில் இருந்த வீடு, தோணி, வலை அனைத்தையும் இழந்தவர். கணவரின் பழைய சாரன்களைக் கொண்டு இவ்விரிப்புகளை ஆக்குகிறார். ஒரு சொல் பொய் இல்லை. எழுதி முடித்து என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு கிழமையில் அட்டை வட்ஸ்அப்பில் வந்தது. ஒவ்வொரு விரிப்போடும் கட்டிலில் வைக்கும் தடித்த அட்டை, மூன்று மொழியில். தமிழில் இப்படி இருந்தது: "ஆழிப்பேரலை கொண்டுபோன கணவனின் சாரன்களை இரத்தினம்மா இன்றும் நெஞ்சோடு அணைத்திருக்கிறாள். அவளது ஒவ்வொரு தையலிலும் அலையின் ஓசை கேட்கிறது."

வீடும் தோணியும் வலையும் போயிருக்க, தோணிக்காரன் மட்டும் எப்படி மிஞ்சினான் என்று கொழும்பில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. குறையை நிரப்பிவிட்டார்கள்.

கஜானியைப் போனில் பிடித்தேன். "பிள்ள, நீ அவர்ர தோணியில ஏறினாய் தானே?"

"ஓம் ரீச்சர். எழுதினது நான் இல்ல, எழுதுறதுக்கு எங்களுக்கு வேற ஆக்கள். ஆனா அது அவரைப் பத்தி இல்லயே, அது ஒரு கதை. வாற ஆக்கள் வாசிச்சிட்டு மறந்திருவாங்க. அக்காட ஒப்பம் மட்டும் வேணும். மறுகா ஒரு போட்டோ. பொட்டு இல்லாம இருந்தா நல்லம். கழுத்தில கிடக்கிறதையும் கொஞ்சம் சட்டைக்குள்ள விடச் சொல்லுங்க."

இதை இரத்தினம்மாவிடம் கொண்டுபோய்ச் சொன்னவளும் நான்தான். மெசினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் நிறுத்தினாள்.

"அவர் விடிய வெள்ளாப்பில தோணியில போற ஆள் ரீச்சர். நான் பொட்டை அழிச்சிட்டுப் போட்டோவுக்கு நிண்டா, அவர் திரும்பி வாறவரைக்கும் என்னெண்டு வீட்டில இரிக்கிற?"

"கடதாசியில தானே இரத்தினம். கடதாசியில செத்தா ஆருக்கும் நோகாது. குவைத்தை யோசி."

"யோசிக்கன். ஒவ்வொரு நாளும் அதைத்தான் யோசிக்கன். எண்டாலும் நான் ஒப்பம் வைக்கமாட்டன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு கையெழுத்துக்காக ஒருத்தி பாலைவனத்துச் சாமான் அறைக்குத் திரும்பிப் போவதா? அப்படி நினைத்துக்கொண்டேன். அவளைவிட எனக்கு அவள்மேல் அக்கறை அதிகம் என்றும் நினைத்துக்கொண்டேன். படிவத்தின் கீழே "சார்பாக" என்று போட்டு, செயலாளர் முத்திரையைக் குத்தி, நானே ஒப்பம் வைத்தேன். போட்டோவுக்கும் வழி இருந்தது. அன்று மண்டபத்தில் நித்திரை கொண்ட போட்டோ கஜானியிடம் இருந்ததே. தலைமயிர் விழுந்து பொட்டு மறைந்திருந்தது. அதையே போடச் சொன்னேன். குறட்டை விடும் பெண் அட்டையில் துயரத்தில் கண்மூடிய விதவையானாள். இரத்தினம்மாவிடம், அட்டையை மாற்றச் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன்.

பன்னிரண்டு விரிப்பும் போயின. இரத்தினம்மா ஏஜென்சிக்காரரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். மகளுக்கு அத்திவாரம் எங்கே வெட்டுவது என்று சீனித்தம்பி ஊருக்கே கேட்கும்படி திட்டம் போட்டார்.

ஐந்தாம் நாள் நான் இரத்தினம்மாவோடு இருந்தபோது ஹோட்டலிலிருந்து பாறூக் நானா வந்தார். ஓட்டமாவடிக்காரர், அங்கே அறைகளுக்குப் பொறுப்பான மேற்பார்வையாளர். பண்பான மனிதர். இரத்தினம்மா வீட்டு வாசலில் நின்று, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே பேசினார்.

"தங்கச்சி, உங்கட சாமானில ஒரு குறையும் இல்ல. ஆனா அறை துப்பரவாக்கிற எங்கட பிள்ளைகள் அதைத் தொடமாட்டம் எண்டு நிக்குதுகள். எல்லாம் கல்குடா, வாகரைப் பிள்ளைகள். மௌத்தான ஆள்ர உடுப்பைக் கட்டில்ல விரிக்க ஏலாதாம். அட்டையை வாசிச்சிட்டுதுகள். ஒரு மனிசன் இவ்வளவு சாரனோடயா செத்தான் எண்டும் கேக்குதுகள். நாலு நாளா அந்தப் பன்னிரண்டு அறையிலயும் அட்டை மட்டும்தான் கிடக்கு, கட்டில் வெறுமை."

அப்போது உள்ளே பாய் இழுக்கும் சத்தம் கேட்டது. சீனித்தம்பி வெளியே வந்தார். "ஆர் செத்தது?" என்றார்.

பாறூக் நானா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரத்தினம்மாவும் என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். மண் விலகி என்னை வாங்கிக்கொண்டால் நல்லதாக இருந்திருக்கும்.

இரத்தினம்மா ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசி, அழுது, முடித்திருக்கலாம்.

"ஆளை ஒருக்காக் கூட்டி வாங்களன். உசிரோட கண்டா பிள்ளைகள் நம்பும்" என்றார் பாறூக் நானா.

அப்படியாக ஒரு மனிதர் தான் சாகவில்லை என்று நிரூபிப்பதற்காக, புதுச் சாரன் உடுத்து, தலைக்கு எண்ணெய் வைத்து, ஓட்டோவில் பாசிக்குடாவுக்குப் புறப்பட்டார். வழி நெடுக அவர்தான் பேசினார். "எப்ப நான் செத்தது ரீச்சர்?" என்றார். இருபது வருடத்துக்கு முதல் என்றேன். "அப்ப போன தேர்தல்ல வோட்டுப் போட்டது ஆர்?" என்று சாரதியிடம் கேட்டுச் சிரித்தார். இரத்தினம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்கு நித்திரை வரவில்லை.

ஹோட்டலின் பின்பக்கம் துணி தோய்க்கும் கொட்டிலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். அவர்களுக்காகப் பேசியவள் விதுர்ஷா, கல்குடாக்காரி.

"இவர்தான் செத்தவர் எண்டு நாங்க எப்பிடி நம்புற? செத்தவர்ர அண்ணன் தம்பியாவும் இரிக்கலாம்."

இரத்தினம்மாதான் பன்னிரண்டில் ஒன்றைத் தேடி எடுத்தாள், அவருடைய சாரன்களால் மட்டும் தைத்த முதல் விரிப்பு. நிலத்தில் விரித்தாள். "இஞ்சாருங்க, இதில இருந்து காட்டுங்க" என்றாள். அவர் உட்கார்ந்தார், தோணியில் உட்காருவதுபோலவே. நடு வெள்ளையில் சரியாக, இடப்பக்கமாகச் சாய்ந்து. ஒடுங்கிய துண்டுகள் எல்லாம் அவர் சாய்ந்த பக்கமே கிடந்தன. பெண்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"சரி, ஆள் இவர்தான்" என்றாள் விதுர்ஷா. "அந்த அட்டையை மட்டும் எடுங்க. உசிரோட இரிக்கிறவரைச் செத்தவர் எண்டு எழுதின சாமானை நாங்க விரிக்கமாட்டம். அட்டை போனா இப்பவே விரிக்கம்."

எனக்கு உயிர் வந்தது. ஓர் அட்டைதானே.

அப்போது முன்பக்கத்திலிருந்து, கம்பனி அலுவலாக அங்கே வந்திருந்த கஜானி ஓடிவந்தாள், முகாமையாளரும் கூடவே. மூன்றாம் அறையில் தங்கியிருக்கும் வெள்ளைக்கார அம்மா ஒருவர் அட்டையை வாசித்துவிட்டு இரண்டு நாளாக அழுகிறாராம். அந்த விதவையைப் பார்க்காமல் போகமாட்டேன் என்கிறாராம். முகாமையாளர் சீனித்தம்பியைக் கண்டதும் முகம் மாறி, "ஐயாவைக் குசினிப் பக்கம் கூட்டிப் போய்த் தேத்தண்ணி குடுங்க" என்றார். உயிரோடு இருக்கும் கணவன் வரவேற்பு மண்டபத்தில் தென்பட்டால் தொழிலுக்குக் கூடாதாம்.

அந்த அம்மா இரத்தினம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நல்ல மனுசி, கண்ணீர் உண்மையானது. உங்கள் கணவரைப் பற்றி ஒரு சொல் சொல்லுங்கள் என்றார். கஜானி அதைத் தமிழில் சொன்னாள். இரத்தினம்மா யோசிக்கவே இல்லை.

"அவர் உசிரோட இரிக்கார். குசினிப் பக்கம் தேத்தண்ணி குடிச்சிட்டு இரிக்கார்" என்றாள்.

கஜானி அதை ஆங்கிலத்தில் மாற்றினாள். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். "அவர் எப்போதும் தன் அருகிலேயே இருப்பதாக உணர்கிறாராம்" என்றாள். அந்த அம்மா விம்மி விம்மி அழுதார். குசினிப் பக்கமிருந்து, சீனி போதாது என்று சீனித்தம்பி சொல்வது நன்றாகக் கேட்டது.

முகாமையாளர் தீர்ப்புச் சொன்னார். அட்டையை எடுக்க ஏலாது. அட்டை இல்லாவிட்டால் அது வெறும் சாரன், சாரனில் படுக்க யார் பாசிக்குடாவுக்கு வருகிறார்கள்? அட்டை இருந்தால் பெண்கள் விரிக்கமாட்டார்கள். ஆகவே ஒன்றை மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டு, அட்டையோடு வரவேற்பு மண்டபச் சுவரில் மாட்டுவார்கள். மிச்சம் பதினொன்றையும் கொண்டுபோகலாம். அறுபது அறைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மாட்டுவதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது சீனித்தம்பி உட்கார்ந்து காட்டிய அதே விரிப்பை. இப்போதும் அங்கே போனால் பார்க்கலாம், மனிதர் கண்ணாடிக்குள் செத்துப்போய் இருக்கிறார்.

கஜானி வான்வரை வந்து, "சொறி ரீச்சர், அடுத்த முறை வேற உந்துதலாப் பாப்பம்" என்றாள். எனக்குக் கை ஓங்க வந்தது. அவளுக்கு அடிக்க எனக்கு என்ன யோக்கியதை என்று விட்டுவிட்டேன்.

மூன்று நாள் நான் இரத்தினம்மா வீட்டுப் பக்கம் போகவில்லை. பயம், வெட்கம், எல்லாம்தான். நாலாம் நாள் பாலர் பாடசாலை விட்டபின் அவளே வந்தாள். பிள்ளைகளின் கதிரை ஒன்றை இழுத்து என் முன்னால் உட்கார்ந்து, ஒரு படிவத்தை மேசையில் வைத்தாள். ஏஜென்சிப் படிவம். வெளியே படலையைப் பிடித்துக்கொண்டு சீனித்தம்பி நின்றார். அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"என்னை மன்னிச்சிரு இரத்தினம்" என்றேன். இந்த வயதுவரை நான் யாரிடமும் சொல்லாத சொல்.

"நீங்க கெடுதலுக்குச் செய்யல்ல ரீச்சர். அது தெரியும்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

பெயர், பிறந்த திகதி, முந்திய அனுபவம் எல்லாம் எழுதினேன். எத்தனை வருடம் என்று கேட்டேன். ரெண்டு என்றாள், பிறகு மூண்டாகவும் இரிக்கலாம் என்றாள். அடுத்த வரி: கணவர், உயிருடன் அல்லது மரணம். என் பேனை அந்த இடத்தில் நின்றுவிட்டது. அவள் விரலை அந்த வரியில் வைத்தாள்.

"இதில உசிரோட எண்டு வடிவாப் போடுங்க ரீச்சர். அங்க இருந்து திரும்பி வாறதுக்கு இஞ்ச எனக்கு ஒரு ஆள் வேணும்."